வசனத்தை ஜெபமாக்க எந்த வழி உங்களுக்குப் பொருந்தும்?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் போனால் வேத வசனத்துக்குக் குறைவே இருக்காது. சுவரில் கலண்டர் வசனம், அலுமாரிக் கண்ணாடியில் புதுவருஷ வாக்குத்தத்த (கடவுள் தந்த வாக்கு) அட்டை, ஆட்டோவின் பின்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர், விடிய எழும்பினால் வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு இன்னொன்று. ஆனால் ஜெபிக்க என்று முழங்கால் போட்டதும் இவற்றில் ஒன்றும் வாய்க்கு வருவதில்லை. பழகிய நாலைந்து சொற்றொடரே தினமும் சுற்றிச் சுற்றி வரும். வசனத்தைச் சொல்லி ஜெபியுங்கள் என்று எல்லாச் சபையிலும் சொல்கிறார்கள். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வரும் கத்தோலிக்கமும், 1814 இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததோடு தொடங்கிய மெதடிஸ்த சபையும், பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபைகளும் இங்கே ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன. அதனால் ஒரே குடும்பத்துக்குள்ளும் அம்மாவின் வழி ஒன்று, மருமகளின் வழி இன்னொன்று. எது சரி என்ற வாக்குவாதத்தை விடலாம். உங்கள் நேரத்துக்கும் நிலைமைக்கும் எது பொருந்தும், எதில் எங்கே பிழை வரும் என்பதுதான் பார்க்கவேண்டியது.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி: இந்த வசனத்தில் யார் யாரோடு பேசுகிறார்? மனிதன் கடவுளோடு பேசும் வசனம் என்றால் அது ஏற்கெனவே ஜெபம். ஒரு சொல்லையும் மாற்றாமல் எடுத்துச் சொல்லலாம். வேதாகமத்தின் பாடல் நூலான சங்கீதங்களில் பெரும்பகுதி இப்படித்தான். கடவுள் மனிதனோடு பேசும் வசனம் என்றால் அது வாக்குத்தத்தமாகவோ கட்டளையாகவோ இருக்கும். அதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும். பவுலின் நிருபங்களைப்போல ஒருவர் இன்னொருவருக்கு எழுதியது என்றால் அதைத் திருப்பிப்போட்டுத்தான் ஜெபமாக்க முடியும். குழப்பம் அநேகமாக இரண்டாவது வகையில்தான் வருகிறது, நம்மவர்கள் அதிகம் எடுப்பதும் அதைத்தான்.

வேதத்துக்குள்ளேயே இதற்கு நல்ல மாதிரி உண்டு. அப்போஸ்தலர் 4 ஆம் அதிகாரத்தில், பேதுருவும் யோவானும் மிரட்டி அனுப்பப்பட்ட பிறகு சபை கூடி ஜெபிக்கிறது. முதலில் சங்கீதம் 2 இன் முதல் இரண்டு வசனங்களை அப்படியே சொல்கிறார்கள். பிறகு அந்த வசனத்தில் வரும் ராஜாக்களும் அதிகாரிகளும் தங்கள் ஊரில் யார் என்று, ஏரோது, பொந்தியு பிலாத்து எனப் பெயரோடு சொல்கிறார்கள். அதன் பிறகுதான் "இப்பொழுதும், கர்த்தாவே" என்று தங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறார்கள். வசனம், நம் நிலைமை, விண்ணப்பம் என்ற இந்த மூன்று படிதான் கீழே வரும் எல்லா வழிகளுக்கும் அடித்தளம். ஒரு வழி தடுமாறுகிறது என்றால் இந்த மூன்றில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கும்.

மனப்பாட வசனம்: நேரமே இல்லாதவருக்கு

விடிய நாலரைக்கு எழும்பி, புட்டவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கும் ஒருவருக்கு அரைமணி நேர வேததியானத்தைப் பரிந்துரைத்துப் பிரயோசனமில்லை. அவருக்கு ஒரு வரி போதும். கல்லடிப் பாலத்தை ஆட்டோவில் கடந்து முடியமுன் சொல்லி முடிக்கக்கூடிய நீளம். ஆனால் அந்த வரி ஏற்கெனவே ஜெபமாக இருக்கவேண்டும்.

தொடங்குகிறவருக்கு ஆறு வசனம் போதுமானது. காலைக்குச் சங்கீதம் 143:8: "நான் நடக்கவேண்டிய வழியை எனக்குக் காண்பியும்." வேலை தொடங்கமுன் 90:17: "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்." வாய்த்தர்க்கம் வரும்போல் இருந்தால் 141:3: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." பயத்துக்கு 56:3: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." நம்பிக்கை தளர்ந்தால் மாற்கு 9:24 இல் பிள்ளையின் தகப்பன் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." படுக்கைக்குச் சங்கீதம் 4:8: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

கிழமைக்கு ஒன்றுக்குமேல் எடுக்கவேண்டாம். முதல் நாள் கொப்பியில் கையால் இரண்டு தரம் எழுதுங்கள்; போனில் படமெடுத்து வைத்தது மனதில் ஏறாது. அடுத்த நாட்களில் அதை ஒரே வேலையோடு கட்டிவிடுங்கள்: அடுப்பு மூட்டும்போது, வலையில் சிக்கியதைக் கழற்றும்போது, கடைக்கதவைத் திறக்கும்போது. அதிகாரத்தையும் வசன எண்ணையும் வசனத்துக்கு முன்னும் பின்னும் சொல்லிப் பழகுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வசனம் நினைவிருக்கும், இடம் மறந்துபோகும். ஏழாம் நாள் பார்க்காமல் எழுதி, வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல் மாறிப் பதிந்துவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம் என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவறவிடக்கூடாது.

இந்த வழியில் வரும் நோய் ஒன்றே: வாய் சொல்லும், மனம் சந்தைக்குப் போயிருக்கும். அதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்வதே பிழை என்று சொல்லிவிட முடியாது. "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7 இல் சொன்னவர்தான் கெத்செமனேயில் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). குறை இரண்டாவது படியில் இருக்கிறது. வசனத்தைச் சொன்னதும் அன்றைய நாளிலிருந்து ஒரே ஒரு வரி உங்கள் சொல்லில் சேருங்கள். "என் வாய்க்குக் காவல்வையும். இன்று பின்னேரம் மச்சாளோடு காணி விஷயம் கதைக்கவேண்டும், பழைய கதையை நான் இழுக்காதபடி பார்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான். அந்த ஒரு வரி மனதைத் திரும்பக் கூட்டிவந்துவிடும்.

கத்தோலிக்க வீடுகளில் செபமாலை இந்த வகைக்குள்தான் வருகிறது. "அருள் நிறைந்த மரியே" செபத்தின் முதற்பாதி லூக்கா 1:28, 1:42 ஆகிய வசனங்களிலிருந்து வந்தது. செபமாலையின் பத்துப் பத்தான மணிகளில் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அதற்குரிய மறைநிகழ்வை நற்செய்தியில் நாலைந்து வரி வாசித்துவிட்டுச் சொன்னால் மேலே சொன்ன நோய் பாதி குறையும்.

சங்கீதத்தை வரிவரியாக: எங்கள் முதல் தெரிவு

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கக்கூடியவருக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. காரணம் எளிது. என்ன சொல்லி ஜெபிப்பது என்ற யோசனையை வேதம் எடுத்துக்கொள்கிறது; நீங்கள் வாசித்து, நின்று, உங்கள் விஷயத்தைச் சொன்னால் போதும். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜோர்ஜ் முல்லர் 1841 இல் இதே மாற்றத்தைத்தான் செய்தார். அதற்கு முன் அவர் காலையில் எழும்பியதும் நேரே ஜெபத்தைத் தொடங்குவார், மனம் அலைந்து திரியும். முதலில் வாசித்துத் தியானித்து அதிலிருந்து ஜெபத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்த அலைச்சல் குறைந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்.

எந்தச் சங்கீதம் என்று தேடி நேரம் போக்கவேண்டாம். மொத்தம் 150. அன்றைய திகதியை எடுத்து, முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 14 ஆம் திகதி என்றால் 14, 44, 74, 104, 134. ஐந்தின் முதல் வரிகளையும் ஒரு நிமிஷத்தில் பார்த்து, அன்றைய மனநிலைக்குக் கிட்டியதை எடுங்கள். 29 ஆம் திகதி வரிசையில் 119 வரும். அதில் 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. அதை அன்றைக்குத் தொடாமல் 31 ஆம் திகதிகளுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது நல்லது.

எடுத்த சங்கீதத்தை ஒரு தரம் முழுமையாகச் சத்தமாக வாசியுங்கள். பிறகு முதல் வரிக்குத் திரும்பி, அதை வாசித்து நிறுத்தி, அந்த வரி உங்கள் வீட்டில் எதைத் தொடுகிறதோ அதைச் சொல்லுங்கள். தொடாத வரியைத் தாண்டிப்போங்கள், குற்றமில்லை. நேரம் முடிந்தால் எந்த வரியில் நிற்கிறீர்களோ அங்கே முடியுங்கள். பலர் அடுத்த நாளே கைவிடுவதற்குக் காரணம் முழுச் சங்கீதத்தையும் முடித்தாகவேண்டும் என்ற எண்ணம்தான்.

சங்கீதம் 13 ஐ எடுத்துப் பார்ப்போம். ஆறே வசனம். புருஷன் கட்டாரில், மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, வீட்டில் நுண்கடன் தவணை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வசனம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அங்கே நிறுத்தி: "மூன்று மாதம் ஆச்சு ஆண்டவரே. அவர் போன் எடுத்தாலும் ஒழுங்காகக் கதைக்கிறாரில்லை. அடைவு வைத்த காப்பு இந்த மாதம் மூழ்கப்போகுது. நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா?" இதைக் கேட்டுப் பக்கத்தில் இருப்பவர் பதறக்கூடும், ஆனால் அந்தச் சங்கீதக்காரன் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறான், ஒரு தரமும் அவனைக் கடிந்துகொண்டதாக இல்லை. மூன்றாம் வசனத்தில் "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று வருகிறது. "நித்திரையில்லாமல் யோசித்துக் கண் மங்கிப்போச்சு. நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது, எதை முதலில் கட்டுவது என்று தெளிவு தாரும்." ஐந்தாம் வசனம்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இங்கேதான் பலரும் தடுக்கிவிழுகிறார்கள். அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் இருப்பதாகச் சோடிக்கவேண்டாம். வசனத்தை மட்டும் வாசித்து, உங்கள் சொல் எதையும் சேர்க்காமல் விடுங்கள். அல்லது மாற்கு 9:24 ஐச் சேருங்கள். அழுகிறவரை ஒரே எட்டில் ஆறாம் வசனத்துக்குத் தூக்கிப்போட அவசரப்படுவது ஆறுதல் சொல்லப்போகிறவர்களின் வழக்கமான கோளாறு.

1978 சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 கடலையும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பையும் கண்ட ஊர்கள் இவை. கல்லடி, நாவலடி தொடங்கிக் கல்முனைக் கரை வரைக்கும் புலம்பல் சங்கீதம் தேவைப்படாத குடும்பம் குறைவு. வாக்குத்தத்த அட்டைகளில் இந்தச் சங்கீதங்கள் வருவது அரிது. 88 ஆம் சங்கீதம் வெளிச்சமே இல்லாமல் இருட்டில் முடிகிறது; அதுவும் ஜெபமாகத்தான் வேதத்தில் நிற்கிறது. மாரியில் ஆறும் வாவியும் பெருகிப் பாடசாலைக் கட்டடத்தில் இரவு தங்கவேண்டி வந்தால் 69:1 ஐ எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லலாம்: "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது."

இந்த வழியில் கவனம் தேவைப்படும் ஒரே இடம் சத்துருக்களைப் பற்றிய வரிகள். அதே 69 ஆம் சங்கீதத்தின் 22 ஆம் வசனத்திலிருந்து சாபம் தொடங்குகிறது. 109 இலும் அதே கடுமை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை தன் நேர செபத்திலிருந்து (நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் செபம்) 58, 83, 109 ஆகிய மூன்றையும் 1970 களில் எடுத்தேவிட்டது. வீட்டில் வாசிப்பவர் அவற்றை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சத்துரு என்று வருமிடத்தில் அயல்வீட்டுக்காரன் பெயரையோ அடுத்த ஊர்ச் சனத்தையோ போடவேண்டாம். தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி இருக்கும் கரையில் இது பெரிய விஷயம். உள்ளே கோபம் இருந்தால் "இந்தக் கோபத்தை உம்மிடம் தருகிறேன், தீர்ப்பு உம்முடையது" என்று அதே இடத்தில் சொல்லி, பெயர் வந்தால் அதைச் சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் மத்தேயு 5:44 க்குக் கொண்டுபோங்கள். அங்கே பெயர் போட இடம் உண்டு.

பெயர் போட்டு ஜெபித்தல்: பிறருக்காக

பிள்ளைக்காக, வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்காக, படுத்திருக்கும் மாமாவுக்காக ஜெபிக்கிறவருக்கு இது நல்ல வழி. ஆனால் எல்லா வசனத்திலும் பெயரைச் செருகமுடியாது. பொருந்துவது பவுல் பிறருக்காகச் செய்த ஜெபங்கள்: எபேசியர் 1:17–19, 3:16–19, பிலிப்பியர் 1:9–11, கொலோசெயர் 1:9–11. இந்த நாலும் ஒரு வருஷத்துக்குப் போதும்.

மாற்றும்போது ஆளையும் வினைமுடிவையும் மட்டும் மாற்றுங்கள், நடுவில் இருப்பதைத் தொடவேண்டாம். எபேசியர் 3:16 இல் "நீங்கள் அவருடைய ஆவியினாலே உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவும்" என்று இருக்கிறது. ஜெபத்தில்: "ஆண்டவரே, என் மகன் உம்முடைய ஆவியினாலே உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படும்படி செய்யும்." பிறகு மூன்றாம் படி: "வேலையிடத்தில் கூட இருக்கிறவர்கள் குடிக்கக் கூப்பிடும்போது மறுக்க அவனுக்குப் பலம் கொடும்." இந்த நாலு ஜெபத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் ஒன்று பிடிபடும்: சிறையிலிருந்து எழுதிய பவுல் அவர்களுக்காக அறிவும் அன்பும் பொறுமையும் கேட்கிறார், பணமோ பதவியோ கேட்கவில்லை. விசா கேட்கக்கூடாது என்றில்லை. விசா மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு இந்த நாலும் ஜெபத்தை அகலமாக்கும்.

நோயாளிக்கு யோவான் 11:3 ஐவிடச் சிறந்ததைக் காண்பது கடினம். லாசருவின் சகோதரிகள் அனுப்பிய செய்தி அது: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்." என்ன செய்யவேண்டும் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. போதனா வைத்தியசாலை விடுதியில் பார்வையாளர் நேரத்தில் கட்டிலோரம் நின்று, பெயரைச் சேர்த்து இந்த ஒரு வரியைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நோயாளியும் களைக்கமாட்டார், பக்கத்துக் கட்டில்காரருக்கும் தொந்தரவில்லை. ஏசாயா 53:5 இன் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பதை எடுத்துச் சுகம் வந்தாயிற்று என்று அறிக்கையிட்டு, இன்சுலினையோ பிரஷர் குளிசையையோ நிறுத்தச் சொல்வது வேறு. வசனத்தின் பெயரால் மருந்தை நிறுத்தவைக்கும் ஜெபத்துக்கு ஆமென் சொல்லவேண்டாம்.

பெயர் போடப் பொருந்தாதவையும் உண்டு. ஒரு ஆளுக்கென்றே சொல்லப்பட்ட அழைப்பு, ஆபிரகாமுக்கு, தாவீதுக்கு, மரியாளுக்குச் சொன்னது, அதில் நம் பிள்ளையின் பெயரைப் போட்டால் கடவுள் சொல்லாததை அவர் வாயில் வைக்கிறோம். 1 நாளாகமம் 4:10 இல் யாபேஸ் "என் எல்லையைப் பெரிதாக்கி" என்று கேட்டது ஜெபம்தான், எடுத்துச் சொல்லலாம். ஆனால் வேலிப் பிரச்சினை நடக்கும் கிழமையில் அதைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்து வளவுக்காரர் என்ன நினைப்பார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்குத்தத்த வசனம்: கடைசியாகத் தெரிவுசெய்ய வேண்டியது

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து தட்டிலிருந்து அட்டை எடுப்பது பல சபைகளில் வழக்கம். அதைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு வசனத்தோடு இருப்பது நல்ல பழக்கம். பிரச்சினை, அட்டையில் ஒரு வரிதான் அச்சடிக்கமுடியும். முன்னும் பின்னும் இருப்பது அங்கே இல்லை.

எரேமியா 29:11 ஐ எடுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன சனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது. ஒரு வசனம் முன்னால் போனால் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். ஏழாம் வசனத்தில் நீங்கள் சிறையிருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அட்டையை மட்டும் பார்த்தவர் இந்த வருஷமே எல்லாம் சரியாகும் என்று எடுத்துக்கொள்கிறார். ஒக்டோபர் வந்தும் ஒன்றும் மாறாவிட்டால் கடவுள் பொய்சொன்னாரா, என் விசுவாசம் குறைவா என்று இரண்டில் ஒன்றுக்குள் மாட்டிக்கொள்கிறார். முழுக் கடிதத்தையும் வாசித்தவரின் ஜெபம் வேறுமாதிரி வரும்: "அவர்களுக்கு நீண்ட காலம் காத்திருக்கப் பலம் கொடுத்தவர் நீர். எனக்கு எவ்வளவு காலம் என்று தெரியாது. இருக்கிற இடத்தில் வீடு கட்டவும் மரம் நடவும் மனம் தாரும். இந்த ஊருக்குச் சமாதானம் தாரும்."

பரீட்சைக்காலத்தில் பிள்ளைகளின் மேசையில் உபாகமம் 28:13 ஒட்டியிருக்கும்: "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." அதே வசனத்துக்குள்ளேயே "கைக்கொள்ளவும்", "செவிகொடுத்து வந்தால்" என்று நிபந்தனை இருக்கிறது; 44 ஆம் வசனத்தில் தலையும் வாலும் தலைகீழாகின்றன. அதுவும் ஒரு முழுச் சனத்தோடு செய்த உடன்படிக்கை. உயர்தரப் பிள்ளைக்கு யாக்கோபு 1:5 நேரடியாகப் பொருந்தும்: ஞானத்தில் குறைவுள்ளவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்." பிலிப்பியர் 4:13 ஐயும் எல்லோரும் எடுப்பார்கள். 12 ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால், பட்டினியிலும் பரிபூரணத்திலும் இருக்கப் பழகினேன் என்று ஒரு கைதி சொல்லும் வார்த்தை அது என்று தெரியும். தோல்வி வந்த நாளிலும் சொல்லலாம்.

வாக்குத்தத்த வசனத்தை ஜெபமாக்க விரும்புகிறவர் கொப்பியின் ஒரு பக்கத்தில் நாலு வரி எழுதட்டும்: சொன்னது யார், யாருக்கு, நிபந்தனை உண்டா, இயேசுவுக்குப் பிறகு எனக்கும் அது எப்படி வந்துசேர்கிறது. நாலாவது வரிக்குப் பதில் வராவிட்டால் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். அதுவரை அந்த வசனத்தை வாதாட எடுக்கவேண்டாம், நன்றி சொல்ல எடுங்கள். சங்கீதம் 91 இன் வசனத்தைச் சோதனைக்காரன் எடுத்து இயேசுவிடம் நீட்டியதை மத்தேயு 4:6 இல் பார்க்கலாம். சரியான வசனம், பிழையான இடம். இயேசு இன்னொரு வசனத்தால்தான் அதற்குப் பதில் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. அதைத் தெரிவுகளில் ஒன்றாக நாங்கள் சேர்க்கவில்லை.

கட்டளை வசனங்களுக்கு வேறு மருந்து உண்டு. 1535 இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தன் முடிதிருத்துபவர் கேட்டதற்காக எழுதிக்கொடுத்த முறையில் ஒவ்வொரு கட்டளையையும் நாலு இழையாகப் பிரிக்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், இதில் நான் எங்கே தவறினேன், இப்போது என்ன கேட்கவேண்டும். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற வசனத்தை இப்படி எடுத்தால் பத்து நிமிஷம் போவது தெரியாது; காணி வழக்கில் சாட்சிக்குப் போகிறவருக்குக் கூடுதலாகவே தேவைப்படும்.

ஒரு பகுதியோடு அமைதியாக இருத்தல்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்ந்து இருத்தல் என்று நாலு படியாக வகுத்த முறை இது. கத்தோலிக்கத் தியான இல்லங்களில் இன்றும் பழக்குகிறார்கள். ஐந்து தொடக்கம் பத்து வசனம். மூன்று தரம் மெதுவாக வாசித்து, மனதில் தட்டும் ஒரு சொல்லோடு நின்று, அதைப்பற்றி ஆண்டவரோடு பேசி, கடைசியில் சும்மா இருப்பது. குறைந்தது அரைமணி நேரம் வேண்டும், வீடு அமைதியாக இருக்கவேண்டும். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் கிழமைக்கு ஒருநாள் கிடைத்தாலே பெரிது. நற்செய்திச் சம்பவங்கள் இதற்குப் பொருத்தம். "மனதில் தட்டியது" எல்லாம் கடவுள் சொன்னது என்று முடிவெடுத்து, அன்றைக்கே வேலையை விடுவதோ கல்யாணத்தை நிறுத்துவதோ கூடாது. பெரிய முடிவென்றால் இன்னொரு முதிர்ந்த விசுவாசியிடம் சொல்லிப் பார்த்த பிறகுதான்.

யாருக்கு எது

விவசாயம், மீன்பிடி, கூலிவேலை என்று விடியமுன் வெளிக்கிடுகிறவர் மனப்பாட வசனத்தோடு தொடங்கி, ஞாயிறு பின்னேரம் ஒரு சங்கீதத்தை வரிவரியாக எடுக்கலாம். ஓய்வுபெற்றவர்களும் வீட்டில் தனியே இருக்கிறவர்களும் தினமும் சங்கீத வழியில் போவது நல்லது. துக்கவீட்டில் புலம்பல் சங்கீதம் மட்டும். முப்பத்தோராம் நாள் நினைவு வரைக்கும் வாக்குத்தத்தம் பக்கம் போகவேண்டாம். கோபத்தில் இருக்கிறவருக்கு 141:3. மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் நித்திரையும் குலைந்திருந்தால் ஜெபத்தோடு வைத்தியரையும் பார்க்கவேண்டும்.

இரவுக் குடும்ப ஜெபத்தில் எல்லோரும் ஒரே வழியில் போகவேண்டும் என்றில்லை. ஒரு குட்டிச் சங்கீதத்தை, 121, 130, 131 போன்றவற்றை, ஆளுக்கொரு வரியாக வாசித்து, ஒவ்வொருவரும் தான் வாசித்த வரியிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் ஜெபித்தால் ஏழு வயதுப் பிள்ளையும் சேரும், பத்து நிமிஷத்துக்குள் முடியும். கடைசியில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து எண்ணாகமம் 6:24–26 ஐச் சொல்லலாம்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." பெயர் போடுவதற்கென்றே அமைந்த பகுதி அது.

கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு சின்னச் சிக்கல் வரும். ஒருவர் கையில் திருவிவிலியம், மற்றவர் கையில் பழைய மொழிபெயர்ப்பு. மாறிமாறி வாசித்தால் மனப்பாடம் ஒருவருக்கும் நிற்காது. மனப்பாடத்துக்கு வீட்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், தனி வாசிப்புக்கு அவரவர் விருப்பம். பழைய கத்தோலிக்க செபப்புத்தகங்களில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும்: 51 அங்கே 50, 23 அங்கே 22, 130 அங்கே 129. அம்மம்மாவின் புத்தகத்தில் தேடியது கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் முன்னால் புரட்டிப் பாருங்கள்.